வலியை விசாரிப்போம்



நான் பத்தாவது வரை படிச்சவ. வைத்தியம் சொல்ல வரலை. வலியோட இருக்கிறவங்ககிட்ட நாம என்ன கேக்கணும்னு மட்டும் சொல்றேன்.

எங்க குழுவில ஒரு அக்கா மூணு மாசமா கூட்டத்துக்கு வரலை. தவணைக்குப் பயந்து வரலைன்னு பேச்சு வந்தது. வீட்டுக்குப் போய்க் கேட்டப்பதான் தெரிஞ்சது, அவங்களுக்கு முழங்கால் வலி. தரையில உக்காந்தா யாராவது கை கொடுத்துத் தூக்கணும். பத்துப் பேர் முன்னாடி அது வெக்கமா இருக்காம். நூறு நாள் வேலைக்கும் போக முடியலை. வருமானம் இல்லை, தூக்கம் இல்லை. "நான் வீட்டுக்குப் பாரம்"னு அழுதாங்க. வலி இருந்தது முட்டியில. ஆனா அது பிடுங்கிக்கிட்டது அவங்க கூலியை, தூக்கத்தை, மரியாதையை.

லண்டனில் 1967-ல் புனித கிறிஸ்டோபர் காப்பகத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் என்ற மருத்துவர் இதைத்தான் "முழு வலி" என்றார். உடம்பு, மனசு, குடும்பம், நம்பிக்கை எல்லாம் சேர்ந்ததுதான் வலி என்பது அவர் கருத்து.

ஆஸ்பத்திரியில பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்ள வலி எவ்வளவுன்னு கேப்பாங்க. பூஜ்யம்னா வலியே இல்லை, பத்துன்னா தாங்கவே முடியாது. அதோட நிறுத்தாம நாம இதையும் கேப்போம்:

ராத்திரி தூங்குறீங்களா?
எந்த வேலையைச் செய்ய முடியாம விட்டீங்க?
விசேஷம், கோயில், கூட்டம்னு எதுக்குப் போறதை நிறுத்தினீங்க?
வீட்டில யார்கிட்ட மனசுவிட்டுப் பேசுறீங்க?

பதில் சொல்லும்போது நடுவில பேசாதீங்க. "எனக்கும்தான் வலிக்குது"ன்னும் சொல்லாதீங்க. "செத்தா தேவலை"ன்னு யாராவது சொன்னா, சும்மா புலம்புறாங்கன்னு விட்டுடாதீங்க. அவங்களைத் தனியா விடாம, 14416-க்குக் கூப்பிடுங்க. எந்நேரமும் இலவசமா மனநல ஆலோசனை கிடைக்கும்.

மூணு மாசத்துக்கு மேல நிக்கிற வலியை நாள்பட்ட வலின்னு சொல்றாங்க. அதுக்கு மருந்துக் கடையில கேட்டு வாங்கி மாத்திரை போட்டுக்கிட்டே இருந்தா வயித்துல புண் வரும், கிட்னியும் கெடும். டாக்டரைத்தான் பார்க்கணும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நடக்க முடியாதவங்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சையும், வலி தணிப்புச் சிகிச்சையும் தர்றாங்க. அதில வர்ற தன்னார்வலர்கள் நம்ம குழுப் பெண்கள்தான். அவங்ககிட்ட பேர் கொடுங்க.

கடைசியா கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். ரெண்டு கூட்டத்துக்கு வராத உறுப்பினருக்கு அபராதம் எழுதுறதுக்கு முன்னாடி, ரெண்டு பேர் அவங்க வீட்டுக்குப் போய் விசாரிக்கணும்னு தீர்மானம் போடணும். கூட்டம் நடக்கிற இடத்தில நாலு நாற்காலியும் போடணும். எங்க குழுவில நாற்காலி போட்டோம். அந்த அக்கா இப்ப கூட்டத்துக்கு வர்றாங்க. தவணையும் கொஞ்சம் கொஞ்சமா கட்டுறாங்க.