பதமறிந்து நிறுத்தும் ஒளி

(நூற்றாண்டு விழாவில், நுகேகொடையில் வாழும் பழைய மாணவிகள் சார்பில் ஆற்றிய உரை)



விஞ்ஞானம் பற்றிப் பேசும்படி எங்களைக் கேட்டார்கள். நாங்கள் ஒரு கேள்வியை மட்டும் எடுத்து வந்திருக்கிறோம்: ஓர் இரசாயனத் தாக்கத்தை வேண்டிய இடத்தில் நிறுத்துவது எப்படி?

உயர்தர வகுப்புத் தங்கைமாருக்கு இது புதிதல்ல. தொலுயீனைப் பொற்றாசியம் பரமங்கனேற்றுடன் சூடாக்கினால் பென்சோயிக் அமிலம் கிடைக்கும். இடையில் உருவாகக்கூடிய பென்சல்டிகைட்டு வாதுமை மணமுள்ள, பெறுமதியான பொருள். ஆனால் அது கைக்கு அகப்படாது. முற்றாக எரித்தால் எஞ்சுவது காபனீரொட்சைட்டும் நீரும்தான். ஐதரோகாபனில் முதல் ஒட்சிசனை ஏற்றுவது கடினம். அதற்குமேல் ஏறாமல் தடுப்பது இன்னும் கடினம். சீனிப்பாகு காய்ச்சியவர்களுக்கு இது விளங்கும். கம்பிப்பதம் தப்பினால் பாகு கருகிவிடும்.

நைலோன் தொழிலிலும் இதே சிக்கல்தான். சைக்கிளோஎட்சேனை ஏறக்குறைய 150 பாகை செல்சியசில், உயர் அமுக்கத்தில், வளியுடன் தாக்கமுறச் செய்கிறார்கள். 100 பங்கில் 4 அல்லது 5 பங்கு மாறியதும் நிறுத்திவிடுவார்கள். மிகுதியைப் பிரித்தெடுத்து மீண்டும் உள்ளே அனுப்புவார்கள். கூடுதலாக விட்டால் வேண்டாத பொருள்கள் பெருகிவிடும்.

இங்கேதான் ஒளி உதவிக்கு வருகிறது. சுவர்ப்பூச்சுக்கு வெண்மை தரும் தைத்தேனியம் ஈரொட்சைட்டில் கழியூதாக் கதிர் பட்டால் ஓர் இலத்திரன் மேலெழும். அது விட்ட இடத்தில் நேரேற்றமுள்ள ஒரு துளை உண்டாகும். துளை ஐதரோகாபனைத் தாக்கும். இலத்திரனை வளியிலுள்ள ஒட்சிசன் வாங்கிக்கொள்ளும். அடுப்பு வேண்டியதில்லை. 1972இல் ஜப்பானியரான புஜிஷிமாவும் ஹொண்டாவும் இதே பொருளால் ஒளியைக் கொண்டு நீரைப் பிரித்துக் காட்டினர். 1989இல் பிரான்சின் லியோன் ஆய்வாளர்கள் அறை வெப்பநிலையிலேயே சைக்கிளோஎட்சேனைச் சைக்கிளோஎட்சனோனாக மாற்றியதை வெளியிட்டனர்.

ஆனால் குறைகளும் உண்டு. நீர் இருந்தால் ஐதரொட்சில் மூலிகங்கள் பிறந்து, கண்டதையெல்லாம் தாக்கிக் காபனீரொட்சைட்டு வரை கொண்டுபோகும். சூரிய ஒளியில் கழியூதாப் பங்கோ ஏறக்குறைய 5 வீதமே. ஆகவே கரைப்பானை மாற்றியும், வேறு உலோகங்களைச் சேர்த்தும், கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே இயங்கும் ஊக்கிகளைத் தேடியும் உலகெங்கும் ஆய்வு நடக்கிறது.

இதில் எமக்கு என்ன பங்கு? திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டைக் கடற்கரையின் கருமணலில் இல்மனைற்றும் உரூற்றைலும் உள்ளன. இரண்டும் தைத்தேனியத்தின் தாதுக்கள். அந்த மணல் பெரும்பாலும் மணலாகவே கப்பலேறுகிறது. வெயிலுக்கும் எம்மிடம் குறைவில்லை. கண்டியில், அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில் பேராசிரியர் கீர்த்தி தென்னக்கோன் பல ஆண்டுகள் ஒளியூக்கம் பற்றி ஆராய்ந்தார். ஆகவே இந்தத் துறை எங்கள் நாட்டுக்கு அந்நியமானதல்ல. குறைவாயிருப்பது கைகள்தான்.

தங்கைமாரே, இரசாயனவியலை மருத்துவ பீடத்துக்கான படிக்கட்டாக மட்டும் எண்ண வேண்டாம். வெட்டுப்புள்ளி எட்டாத பிள்ளைக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று பெற்றோரும் நினைக்க வேண்டாம். அந்தப் பிள்ளை செய்யவேண்டிய வேலை புல்மோட்டை மணலிலேயே கிடக்கிறது.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள்: நூற்றாண்டு நிதியில் ஒரு பங்கை ஆய்வுகூடத்துக்கு ஒதுக்குங்கள். ஒரு கழியூதா விளக்கும், கொஞ்சம் வெண்தூளும், ஒரு சாயக் கரைசலும் இருந்தால், நிறம் மங்குவதைப் பிள்ளைகள் தாங்களே பார்க்கலாம். சனிக்கிழமைகளில் வந்து உடனிருந்து செய்துகாட்ட நாங்கள் ஆயத்தமாயிருக்கிறோம்.