சொற்கள் சேர்வதும் பிரிவதும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தமிழைப் பற்றிப் பேசக் கற்றறிந்த புலவர் பலர் இருக்க, பள்ளியிறுதி வகுப்போடு நின்றுவிட்ட இரயில்வே எழுத்தராகிய நம்மைச் செயலாளர் அவர்கள் அழைத்திருக்கிறார்கள். இரயில் ஓடாத தீவில் இரயில்வே எழுத்தருக்கு என்ன வேலை என்று வினவுவோரும் உண்டு. கப்பலேறிச் சென்னை சேர்ந்து, அங்கிருந்து சொந்த ஊர் செல்லும் உங்களுக்கு முன்பதிவு செய்து தருவதே நம் பணி. பெட்டிகளை இணைப்பதும் பிரிப்பதும் நம் துறையின் தொழில். ஆதலின், சொற்களை இணைப்பதையும் பிரிப்பதையும் குறித்துச் சிறிது பேசத் துணிந்தோம்.

முதலில் நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். 1921ஆம் ஆண்டு மலபாரில் நிகழ்ந்த மாப்பிள்ளைக் கிளர்ச்சிக்குப் பின் இத்தீவுக்கு அனுப்பப்பட்டோர், தாம் பிரிந்து வந்த மண்ணின் பெயர்களையே இங்குள்ள குடியிருப்புகளுக்கு இட்டனர். வண்டூர், மஞ்சேரி, திரூர் என்பன அவ்வாறு வந்தவை. ஊரை விட்டு வந்தோர் பெயரை விட்டு வரவில்லை. அப்பெயரின் தோற்றம் எதுவாயினும், தமிழ் இலக்கணப்படி வண்டு, ஊர் என்னும் இரு சொற்கள் சேர்ந்தால் வண்டூர் என்றே ஆகும். வண்டு என்பதன் ஈற்று உகரம் கெட, எஞ்சிய மெய்யின்மேல் ஊகாரம் ஏறுகிறது. ஆனால் அசை பிரிக்கும்போது வண் - டூர் என்றே பிரிப்போம். சொல்லின் மூட்டு ஓரிடம். ஓசையின் மூட்டு வேறோரிடம். இவ்வேற்றுமையை அறிந்துகொண்டால் புணர்ச்சி இலக்கணம் பாதி விளங்கிவிடும்.

சொற்கள் சேரும் வகை ஆறு எனத் தொல்காப்பியரும், அவர் வழி வந்த நன்னூலார் பவணந்தி முனிவரும் வகுத்தனர். அவற்றை மனப்பாடம் செய்ய அஞ்சுவோர் அடுக்களைக்குச் சென்று பார்க்கலாம். வெற்றிலைபாக்கு என்றால் வெற்றிலையும் பாக்கும், இஃது உம்மைத்தொகை. ஊறுகாய் என்றால் ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய். முக்காலமும் அடங்கிய வினைத்தொகை. இவ்விரண்டிலும் நடுவே ஒற்று மிகாது. நம் தோப்புகளில் நிறைந்துள்ள தேங்காயோ, தெங்கு என்னும் மரப்பெயரோடு காய் சேர்ந்து உருமாறியது. நம் அலுவலகத்திலும் இலக்கணம் உண்டு. பயணம், சீட்டு சேர்ந்து பயணச்சீட்டு. மகரம் இறங்கிவிடச் சகரம் ஏறிக்கொள்கிறது. இரும்பு, பாதை சேர்ந்து இருப்புப்பாதை, மெல்லினம் வல்லினமாகிறது.

‘ஓர் ஒற்று விட்டுப்போனால் என்ன குடி முழுகிவிடும்?’ என்று இளைஞர் கேட்கின்றனர். கீரைக்கடை என்றால் கீரை விற்கும் இடம். ஒற்றை நீக்கிக் கீரை கடை என்று எழுதினால், மத்தெடுத்துக் கடையச் சொல்லும் ஏவல். வேலை கொடு என்றால் உத்தியோகம் கேட்பது. வேலைக் கொடு என்றால் முருகப்பெருமானின் வேலையே கேட்பது. மனு எழுதுவோர் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்!

இத்தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. வடகோடியிலுள்ள நார்வே நாட்டவரும் சொற்களைச் சேர்த்தே எழுதுவர். குழந்தை என்று பொருள்படும் ‘பார்ன்’, தோட்டம் என்று பொருள்படும் ‘ஹாகெ’ இரண்டையும் சேர்த்து ‘பார்னெஹாகெ’ என மழலையர் பள்ளிக்குப் பெயரிட்டனர். இடையில் வரும் எகரம், புளிக்கும் காய்க்கும் நடுவே ‘அம்’ தோன்றிப் புளியங்காய் ஆவதுபோன்ற சாரியையே. அவர்கள் மொழியில் புகைபிடித்தல் இல்லாதது என்று பொருள்படும் சொல்லை இரண்டாகப் பிரித்தெழுதினால், தாராளமாகப் புகைபிடி என்று ஆகிவிடும். வரியின் முடிவில் கூட்டுச்சொல்லை வெட்ட நேர்ந்தால், இரு சொற்களும் சேருமிடத்தில் வெட்டுதல் அவர் முறை. நமக்கோ மூட்டு ஓரெழுத்துக்குள் கரைந்திருப்பதும் உண்டு. வண்டூரை ஊருக்கு முன் வெட்டுவது எங்ஙனம்? புள்ளி எழுத்தால் வரியைத் தொடங்கலாகாது என்பதும் நம் அச்சகங்களின் மரபு.

இவற்றையெல்லாம் இங்கு ஏன் கூறுகிறோம்? நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும், தெருவில் இந்தியும், பள்ளியில் ஆங்கிலமும் பேசுகின்றனர். அவர்கள் தமிழ் பேசுவர் என்பதில் நமக்கு ஐயமில்லை. படிப்பார்களா என்பதே கவலை. ‘கடற்கரையோரத்திலுள்ள’ என்றொரு சொல் எதிரே வந்தால், குழந்தை அதனை மதிற்சுவராகக் கண்டு புத்தகத்தை மூடிவிடுகிறது. கடல், கரை, ஓரத்தில், உள்ள என்று பிரித்துக் காட்டுங்கள். நான்கும் அக்குழந்தை நாள்தோறும் பேசும் சொற்களே! லகரம் றகரமாக மாறி நின்றதைச் சுட்டிக்காட்டினால் போதும். மதிலில் வாயில் திறந்துவிடும்.

தாய்மார்களே, இதற்குப் புலமை வேண்டியதில்லை. இரவு உணவுக்குப் பின் நாளொன்றுக்கு ஒரு சொல்லைப் பிரித்துக் காட்டுங்கள்; மறுநாள் குழந்தையைச் சேர்த்துச் சொல்லச் செய்யுங்கள். ஓராண்டில் முந்நூற்றறுபத்தைந்து சொற்கள் கைவரும். அடுத்த ஆண்டு விழா மலரை அக்குழந்தைகளே எழுத்துக்கூட்டி நமக்குப் படித்துக் காட்டட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!