நோவுக்கு அஞ்சிச் சோதனையை விடலாமா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



உங்கள் காரியதரிசி அவர்கள் எம்மிடம் வந்து, "ஐயா, இம்முறை ஏதாவது பயனுள்ள விஷயமாகப் பேசுங்கோ" என்று கேட்டார். பயனுள்ள விஷயம் எம்மிடம் இப்பொழுது ஒன்றுதான் உண்டு. அதுவோ சபையிலே பேசும் வழக்கமில்லாத விஷயம். சலப்பையைப் பற்றியும் சலம் போகும் வழியைப் பற்றியும் பேசப் புகுந்தால் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வர். சிலர் சிரிப்பை அடக்கிக்கொள்வர். நெடுங்காலம் வகுப்பறையிலே நின்று பழகிய எமக்கு இவ்விரண்டும் புதியன அல்ல.

எமக்குச் சலப்பையிலே புற்றுநோய் உண்டென்பது 2021 ஆம் ஆண்டிலே தெரியவந்தது. நாம் வைத்தியர் அல்லர். இங்கே கூறப்போவன, நோயாளியாய்க் கட்டிலிற் கிடந்து அறிந்தவையும், வைத்தியர்களையும் தாதிமாரையும் விடாது கேட்டுத் தெரிந்துகொண்டவையுமேயாம்.

இந்நோயிலே ஒரு விநோதம் உண்டு. பெரும்பாலானோருக்கு அது நோவோடு வருவதில்லை. ஒரு நாள் சலம் சிவந்து போகும், மறுநாள் தெளிந்துவிடும். உடம்பிலே ஒரு கடுப்பும் இராது. "சூடு பிடித்துவிட்டது" என்று சொல்லி இளநீரும் நன்னாரித் தண்ணீரும் குடித்துவிட்டு நம்மவர் இருந்துவிடுவர். நோவு தொடங்குவது வைத்தியசாலையிலேதான். குழாய் விட்டுப் பார்க்கும்பொழுது ஒரு நோவு, வெட்டி எடுத்த பின் ஒரு நோவு, மருந்து ஏற்றும்பொழுது இன்னொரு நோவு. ஆகவே சாதாரண மனிதனுடைய கணக்கு இப்படி ஓடுகின்றது: "போகுமுன் எனக்கு நோவில்லை; போனபின்தான் நோவு; போனதே பிழை." கேட்பதற்கு நியாயம்போலத் தோன்றும் இக்கணக்கு ஆளைக் கொல்லும் கணக்காகும். ஏனெனில், சலப்பைப் புற்று வெட்டி எடுத்த பின்னும் திரும்ப முளைக்கும் இயல்புடையது. ஆதலாலேதான் வெட்டிய பின் மூன்றாம் மாதத்திலே ஒரு முறையும், பின்னர் வைத்தியர் குறிக்கும் தவணைப்படி வருடக் கணக்காகவும் உள்ளே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கின்றது. நோவுக்கு அஞ்சி அத்தவணையைத் தவறவிட்டவர், நோய்க்குக் கதவைத் திறந்துவிட்டவராவர்.

உள்ளே பார்க்கும் அந்தக் கருவியைப் பற்றி முதலிற் சொல்வோம். மாக்ஸ் நிற்சே என்னும் ஜேர்மன் வைத்தியர் 1877 ஆம் ஆண்டிலே இதன் முதல் வடிவத்தைச் செய்து காட்டினார். அக்காலத்திலே மின்குமிழ் இல்லை. பழுக்கக் காய்ந்த பிளாற்றினக் கம்பியை, நீரோட்டத்தினாற் குளிரப்பண்ணி, அந்த வெளிச்சத்திலே பார்த்தார்கள். நினைக்கவே மேல் கூசுகின்றது. இன்றோ, வளையக்கூடிய, பென்சிலினும் மெல்லிய குழாயாலே சில நிமிடங்களிற் பார்த்து முடித்துவிடுகின்றனர். முன்னதாக, விறைக்கச் செய்யும் களிமருந்தை வழியிலே இடுவார்கள். அக்களி வேலை செய்யச் சில நிமிடங்கள் வேண்டும். அவசரப்படும் இடமாயின், "கொஞ்சம் பொறுத்துச் செய்யுங்கோ" என்று பணிவாய்க் கேட்பதிலே குற்றமில்லை. நோவு மிகுவது ஒரேயோர் இடத்திலே. சலத்தை அடைத்து வைத்திருக்கும் தசைவளையத்தைக் குழாய் கடக்கும்பொழுது. அவ்வேளை மூச்சை இழுத்துப் பிடித்தால் அவ்வளையம் இறுகும், இறுகினால் நோகும். வாயாலே மெதுவாக மூச்சை விட்டு, சலம் கழிக்கப்போவதுபோல உடம்பைத் தளர்த்தினால் குழாய் வழுக்கிச் சென்றுவிடும். திரையைப் பார்க்க விடுவார்களாயின் பாருங்கள். தம் சலப்பையின் உட்புறத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதனுக்கு நோவை நினைக்க நேரமிராது.

வீட்டுக்கு வந்தபின் ஓரிரு நாள் சலக்கடுப்பு இருக்கும். சலம் சற்றே சிவந்தும் போகலாம். தண்ணீர் நிறையக் குடித்தல், அடிவயிற்றிலே வெந்நீர்ப் போத்தல் வைத்தல், வைத்தியர் சொன்ன அளவிலே பனடோல் எடுத்தல், இவை போதுமானவை. பனடோலிலும் வளர்ந்தவர்க்கு 500 மில்லிகிராம் குளிசை நாளொன்றுக்கு எட்டுக்கு மேற்படலாகாது. மருந்துக்கடையிலே கேட்டவுடன் கொடுக்கும் பலத்த நோக்குளிசைகளைத் தாமாக வாங்கி விழுங்குவது நம்மூரிலே பெருவழக்காகிவிட்டது. அவற்றுட் சில குருதி கசிவதைக் கூட்டும். சில சிறுநீரகத்தைக் கெடுக்கும். குளிரோடு காய்ச்சல் வந்தாலும், கட்டி கட்டியாய் இரத்தம் போனாலும், சலமே போகாது அடைத்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

நிற்க. வெட்டி எடுக்கும் சத்திரசிகிச்சைக்கு வருவோம். வயிற்றிலே ஒரு கீறலும் இல்லை; சலம் போகும் வழியாலேயே கருவியை விட்டு, கட்டியைச் சுரண்டி எடுத்துவிடுவர். முதுகிலே ஊசி போட்டு விறைக்கச் செய்தோ, முழு மயக்கம் கொடுத்தோ செய்வதால் அவ்வேளை நோவு தெரிவதில்லை. பின்னர் ஓரிரு நாள், சிலருக்கு அதற்குமேலும், கதீற்றர்க் குழாய் இருக்கும். நோயாளியைப் படுத்தும் பாடு இந்தக் குழாயினுடையதே.

அதன் நுனியிலே நீர் நிரப்பிய சிறு குமிழ் ஒன்று உண்டு; குழாய் வெளியே வழுக்கிவிடாமல் அதுவே பிடித்திருக்கின்றது. சலப்பைக்கு அது தெரியுமா? ஏதோ ஒன்று உள்ளே கிடக்கின்றது, வெளியே தள்ளவேண்டும் என்று எண்ணி அது தன்னைத்தானே முறுக்குகின்றது. சலம் முழுவதும் குழாயாலே ஓடிக்கொண்டிருக்க, நமக்கோ இப்பொழுதே போகவேண்டும் என்று உயிர் துடிக்கும். முறுக்கு வரும்பொழுது முக்கினால் அது இரட்டிக்கும். முக்காமல், முழங்காலை மடித்து, மூச்சை நீளவிட்டுக் கிடந்தால் சிறிது நேரத்திலே விட்டுப்போகும். அதனைத் தணிக்கத் தனி மருந்தே உண்டு; சாதாரண நோக்குளிசைக்கு அது மசியாது. ஆகவே, "நோகுது" என்று மாத்திரம் சொல்லாமல், "முறுக்கி முறுக்கி வருகுது" என்று சொல்லவேண்டும். எரிவு வேறு, முறுக்கு வேறு, அடைப்பு வேறு. ஒவ்வொன்றுக்கும் மருந்தும் வேறு. குழாயைத் தொடையோடு ஒட்டி வைத்தல், மடிந்து நசியாமற் பார்த்தல், பையைச் சலப்பைக்குக் கீழே தொங்கவிடுதல், மலச்சிக்கல் வராமற் காத்தல் ஆகியன சிறு காரியங்கள். ஆயினும் இரவு நித்திரை இவற்றிலேதான் தங்கியிருக்கின்றது.

எமக்குப் பக்கத்துக் கட்டிலிலே ஒரு முதியவர் இருந்தார். கமக்காரர், எம்மிலும் மூத்தவர். இரவிலே தாதி வந்து, "நோகுதோ ஐயா?" என்று கேட்பார். "ஒண்டுமில்லைப் பிள்ளை, நீ போய் மற்ற ஆக்களைப் பார்" என்பார். ஓரிரவு அவருடைய குழாயை இரத்தக்கட்டி அடைத்துவிட்டது. பையிலே சலம் விழவில்லை. அடிவயிறு உரல்போல எழுந்துவிட்டது. கட்டிற் சட்டத்தை இரு கையாலும் பிடித்துக்கொண்டு வியர்த்துக் கிடந்தார், வாய் திறக்கவில்லை. நாமே தாதியை அழைத்தோம். அவர் வந்து ஊசிக்குழாயாலே உப்புநீரை ஏற்றி இழுத்துக் கட்டியை எடுத்தவுடன், சலம் பீறிட்டு ஓடியது. கால் மணி நேரத்திலே கிழவர் குழந்தைபோல நித்திரையாகிவிட்டார். கால் மணி நேரத்து வேலைக்கு அரை இரவு நரகம்! காலையிலே, "ஏன் அண்ணை கூப்பிடேல்லை?" என்று கேட்டோம். "பொம்பிளைப் பிள்ளை, தம்பி. அந்த இடத்தைக் காட்டி எப்பிடிச் சொல்லுறது? எல்லாம் செய்த வினை" என்றார்.

மூன்றாம் மாதச் சோதனைக்கு அவர் வரவில்லை. "நோவைத் தேடிப் போறதோ?" என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டதாய் அவர் மகன் பின்னர் கூறினார். அடுத்த வருடம் அவரைக் கொண்டுவந்தபொழுது புற்று சலப்பையின் தசைக்குள்ளே இறங்கிவிட்டது. சலப்பையையே எடுத்துவிட வேண்டியதாயிற்று.

வினை என்று பொறுத்திருப்பதே சைவர்க்கு அழகு என்று எண்ணும் பெரியோர்கள் இச்சபையிலும் இருப்பீர்கள். உங்களோடு வாதாட நாம் வரவில்லை. ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். சூலைநோய் கண்ட திருநாவுக்கரசு நாயனார் வாய் மூடிக் கிடந்தாரா? தமக்கையாருக்கு ஆள் அனுப்பினார். தாமே எழுந்து போனார். திருவதிகைச் சந்நிதியிலே நின்று தம் நோவை முறையிட்டார். அவர் அருளிய முதற் பதிகமே நோவைச் சொல்லும் பதிகமன்றோ? சொல்லுதல் பொறுமைக் குறைவாயின் நமக்கு அந்தத் தேவாரம் கிடைத்திராது.

இனி, மருந்து ஏற்றுதல். இதனைக் கேட்டால் இங்கிருக்கும் தாய்மார் ஆச்சரியப்படுவர். பிறந்த பிள்ளைக்குக் கசநோய் வராதிருக்கப் போடும் பி.சி.ஜி. என்னும் அந்த மருந்துதான் இந்நோய்க்கும் கொடுக்கப்படுகின்றது. பிரான்சிலே கல்மெற், குவேரின் என்னும் இருவர் ஆக்கி, 1921 இல் முதன்முதலாகக் குழந்தைக்குக் கொடுத்தது அது. கனடாவிலே மொறாலெஸ் என்னும் வைத்தியரும் அவருடைய கூட்டாளிகளும் 1976 இல் அதனைச் சலப்பைக்குள் விட்டுப் பயன் கண்டதை எழுதினர். உயிரோடிருக்கும் வலுக்குறைந்த கிருமி உள்ளே சென்று உடம்பின் காவற் படையை எழுப்பிவிட, அப்படை புற்றையும் தாக்குகின்றது. எரிவும் கடுப்பும் அப்போரின் புகை. வாரம் ஒரு முறையாக ஆறு வாரம். ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம் அடக்கி வைத்திருக்க வேண்டும்.

எமக்கு முதல் இரண்டு தவணையும் இலேசாய்க் கழிந்தன. நான்காவதன்று இரவு, பத்து நிமிடத்துக்கொரு முறை எழும்பி, ஒவ்வொரு துளியும் மிளகாய்த் தண்ணீராய் இறங்கிற்று. ஐந்தாவது வேண்டாம் என்றே மனம் சொன்னது. ஆயினும் நேரமும் அளவும் குறித்த கொப்பியை எடுத்துக்கொண்டு போய் வைத்தியரிடம் காட்டினோம். நோவுக்குப் பூச்சியத்திலிருந்து பத்து வரை புள்ளி போடச் சொல்வார்களே, அப்படி மணிக்கு மணி எழுதிய கொப்பி. அவர் பார்த்து, சலத்திலே வேறு கிருமி உண்டோ என்று சோதித்து, முறுக்குக்கு மருந்து தந்து, அடுத்த தவணையை ஒரு வாரம் பின்போட்டார். ஆறும் முடிந்தது. சிகிச்சையை நிறுத்துவதற்கும் சகித்துக் கிடப்பதற்கும் இடையிலே இத்தனை வழிகள் உண்டென்பதைப் பலர் அறியார். அவற்றைத் திறப்பதற்கு வைத்தியருக்கு வேண்டியது நம் வாய்மொழியே.

மருந்து ஏற்றுமுன் சில மணி நேரம் தேநீர், கோப்பியைத் தவிர்த்துத் தண்ணீரையும் குறைத்தால் அடக்குவது எளிது. வெளியேற்றிய பின் தாராளமாய்க் குடிக்கவேண்டும். ஆறு மணி நேரம் வரை ஆண்களும் இருந்தே சலம் கழித்து, குளோரின் ஊற்றிக் கால் மணி நேரம் விட்டுத் தண்ணீர் அடிக்கவேண்டும். வீட்டிலே சிறுபிள்ளைகள் உண்டன்றோ? ஓரிரு நாட் கடுப்பும் மெல்லிய காய்ச்சலும் வழக்கம். நடுக்கத்தோடு கடுங்காய்ச்சல் வந்தாலும், இரண்டு நாள் கடந்தும் காய்ச்சல் விடாவிட்டாலும் உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

நோய் முற்றியவர்களுடைய நோவு வேறு வகை. அதனை விரிக்க இங்கே நேரம் போதாது. மோர்பின் என்ற பெயரைக் கேட்டதும் "கடைசி மருந்து" என்று வீட்டார் அழத்தொடங்குகிறார்களே, அது வேண்டாம். 1986 ஆம் ஆண்டிலேயே உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் நோவுக்குப் படிப்படியாக மருந்து கொடுக்கும் முறையை வகுத்து, மோர்பினை அதன் மேற்படியிலே வைத்தது. அளவறிந்து நேரப்படி கொடுத்தால் மனிதன் எழுந்து உட்கார்ந்து பேரப்பிள்ளையோடு கதைப்பான். மலம் இளகவும் கூடவே மருந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இலண்டனிலே 1967 இல் மரணத் தறுவாயிலுள்ள நோயாளருக்குப் புகலிடம் ஒன்றைத் திறந்த சிசிலி சோண்டர்ஸ் அம்மையார், உடல் நோவோடு, பணக்கவலையும் பிள்ளைகளின் கவலையும் சாவச்சமும் சேர்ந்ததே முழு நோவு என்று எடுத்துக் காட்டினார். அவர் தாதியாயிருந்து பின்னர் வைத்தியரானவர். கட்டிலருகே நின்றவருக்கு அது தெரிந்தது.

தம்பிமாரே, சுருட்டையும் சிகரெட்டையும் பற்றி ஒரு வார்த்தை. நாம் உள்ளிழுத்த புகையின் நஞ்சு குருதியிலே கலந்து, சலத்தோடு சலப்பையிலேதான் வந்து தங்குகின்றது. இந்நோய்க்குத் தலையாய காரணம் புகையே. எம் தலைமுறை புகையிலையாலே வீடு கட்டிற்று. ஆகையால் இதற்கு மேல் உரத்துப் பேச எமக்கு வாய் எழவில்லை.

சங்கத்தாலே ஆகக்கூடிய காரியம் ஒன்று உண்டு. மருந்து ஏற்றிய நோயாளி பஸ்ஸிலே வீடு திரும்புவது பெரும்பாடு. வழியிலே இறங்க வேண்டும்; எல்லாச் சாரதிகளும் நிறுத்த மாட்டார்கள்; நிறுத்தினாலும் மலசலகூடம் இராது. இதனாலேயே தவணையைக் கைவிட்டவர் இருவரை நாம் அறிவோம். வாகனம் உள்ள அங்கத்தவர்கள் மாதத்திலே ஒரு நாள் தந்தாற் போதும். தாதியிடம் சொல்லக் கூசும் கிழவருக்கு, அவர் பேரன் வயதிலே ஒருவன் கூட நின்று, "ஐயாவுக்கு முறுக்கி நோகுதாம், மிஸி" என்று சொல்லிவிட்டாலும் போதும். ஒரு கொப்பி ஆயத்தமாய்க் கொண்டுவந்திருக்கின்றோம். அது காரியதரிசி அவர்களின் மேசையிலே இருக்கின்றது. பெயர் தர விரும்புவோர் கூட்டம் முடிந்தவுடன் எழுதலாம். சபையிலே கேட்கக் கூசும் கேள்வி உள்ளவர்கள் தேநீர் வேளையிலே எம்மிடம் தனியே வாருங்கள்.