வல்லுநர் எனப்படுபவர் யார்?

(ஜமாஅத்தின் கல்விப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசு பெறும் பிள்ளைகளிடம் எதிர்கால விருப்பத்தைக் கேட்டோம். மருத்துவர், பொறியாளர், கணக்காளர் என்றனர். பட்டம் பெறும் வழியை ஆசிரியர்கள் சொல்வார்கள். பட்டம் பெற்றவர் எப்போது வல்லுநர் ஆகிறார் என்பதையே நாம் பேச விழைகிறோம்.

ஏறத்தாழ 965ஆம் ஆண்டில் பஸராவில் பிறந்தவர் இப்னுல் ஹைஸம். நைல் நதியின் பெருக்கையும் வறட்சியையும் கட்டுப்படுத்த இயலும் என்று அவர் கூறியது, எகிப்தை ஆண்ட ஃபாத்திமிய கலீஃபா அல்ஹாகிமின் செவிக்கு எட்டியது. கலீஃபா அவரை வரவழைத்து, ஆட்களுடன் அனுப்பிவைத்தார். நதியை எதிர்த்துத் தெற்கே அஸ்வான் வரை சென்ற அவர், வழியெங்கும் பண்டைய எகிப்தியரின் கட்டடங்களைக் கண்டார். இத்துணை நுட்பமாகக் கட்டத் தெரிந்தவர்கள், இயலுமாயின் நதியையும் அடக்கியிருப்பார்களே என எண்ணினார். இடத்தையும் ஆராய்ந்தார். திரும்பி வந்து, தம் திட்டம் நிறைவேறாது என்று கலீஃபாவிடமே ஒப்புக்கொண்டார் என வரலாற்றாசிரியர் அல்கிஃப்தீ எழுதுகிறார். கலீஃபாவோ சினத்திற்குப் பெயர்போனவர்! அவருக்கு அஞ்சிப் பித்தர்போல் நடித்து, 1021இல் அவர் மறையும்வரை இல்லத்தில் அடைபட்டிருந்தார் என்பதும் அவ்வரலாற்றில் உண்டு.

அஸ்வான் உயர் அணை 1970இல் நிறைவுற்றது. எண்ணம் வீணன்று, அக்காலக் கருவிகளுக்கு அது எட்டவில்லை. அதை நேரில் கண்டு அறிந்ததும், அறிந்ததை மறைக்காததும் அவரது தேர்ச்சி. கண்ணிலிருந்து கதிர் புறப்படுவதால் பார்க்கிறோம் என்ற தொலமியின் கொள்கையை மறுத்து, ஒளியே கண்ணை வந்தடைகிறது என்று 7 பாகங்கள் கொண்ட ஒளியியல் நூலில் நிறுவியவரும் இவரே. தொலமியை ஐயுறுமுன் தொலமியைக் கசடறக் கற்றிருந்தார்.

நம் மனாராவுக்கு வருவோம். மூன்றாண்டுகளுக்கு முன் அதன் அடியில் விரிசல் கண்டபோது, இரண்டே நாளில் சரிசெய்வதாகச் சொன்ன ஒருவரிடம் ஒப்படைத்தோம். சிமெண்டு பூசி வண்ணமும் அடித்துத் தந்தார். அடுத்த மழையில் விரிசல் முன்னினும் நீண்டது. அதன் நிழலில்தான் மதரஸாப் பிள்ளைகள் ஓதுகிறார்கள்.

பிறகே நம் மஹல்லாவின் முதிய கொத்தனாரை அழைத்தோம். விரிசலின் குறுக்கே சாந்தால் ஒட்டுப் போட்டுத் தேதி எழுதிவிட்டுப் போனார். இருபது நாள் கழித்து வந்தபோது ஒட்டு பிளந்திருந்தது. "சுவர் இன்னும் நகருது. கோளாறு அஸ்திவாரத்துல. இது என் கைக்கு மிஞ்சின வேலை. மண்ணைச் சோதிக்கிற எஞ்சினியரைக் கூப்பிடுங்க" என்றார். நாற்பதாண்டு அனுபவமுள்ளவர் இப்படிக் கைவிரிக்கிறாரே என்று நாம் வருந்தினோம். சிலர் கடிந்தும் பேசினோம். பின்பு பொறியாளர் தோண்டிப் பார்த்தபோது, கழிவுநீர் கசிந்து அடிமண் இளகியிருந்தது.

அவர் இதோ பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார். இன்றைய முதற்பரிசை அவர் கரத்தால் வழங்கச் செய்யுமாறு நிர்வாகத்தாரைக் கேட்டுக்கொள்கிறோம்.