மனச்சுமையும் ஒரு வாங்கும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



எம்மைப் பேசப் பணித்தபோது, "மாணவர் கடமை" என்றாற்போல ஏதேனும் ஒரு பொருளை எடுத்துக்கொள்வோமென்று பெரியோர் சிலர் எதிர்பார்த்திருப்பர். நாம் எடுத்துக்கொண்டதோ, மனநோவுற்றோர் கூடிப் பேசும் குழுவொன்றைத் தொடங்கி நடத்துதல் என்னும் பொருள். மிசன் பள்ளிக்கூடத்திற் படித்துவிட்டு வந்து வெள்ளைக்காரர் புதுமை பேசுகின்றார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். இக்காரியத்தை நமக்குக் கற்பித்தோர் ஆபிரிக்கப் பாட்டிமார்.

சிம்பாப்வே நாட்டிலே டிக்சன் சிபாண்டா என்றொரு மனநோய் வைத்தியர் இருக்கின்றார். 2005ஆம் ஆண்டிலே அவரிடம் சிகிச்சை பெற்றுவந்த இளம்பெண்ணொருத்தி தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். வைத்தியரிடம் வருவதற்கு வேண்டிய பஸ் கட்டணம், 15 டொலர், அவள் வீட்டாரிடம் இருக்கவில்லை. ஒரு கோடிக்கு மேற்பட்ட சனங்கள் வாழும் அந்நாட்டில் மனநோய் வைத்தியர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மறு ஆண்டில் அவர் ஹராரே நகரின் எம்பாரே பகுதியிலே 14 பாட்டிமாரைச் சேர்த்துப் பழக்கினார். வெளியிலே ஒரு மரவாங்கு. அதிலே பாட்டி ஒரு பக்கம், துன்பப்பட்டவர் ஒரு பக்கம். முதலில் அதற்கு "மனநல வாங்கு" என்று பெயர். ஒருவரும் கிட்ட வரவில்லை. பாட்டிமாரின் சொற்கேட்டு "நட்பு வாங்கு" என்று மாற்றினார்கள், வரத்தொடங்கினார்கள்.

அங்கே நோய்க்குப் பெரிய பெயர் சொல்வதில்லை. சோனா மொழியிலே "குஃபுங்கிசிசா" என்பார்கள். அளவுக்கு மீறி யோசித்தல் என்பது பொருள். "பிள்ளைக்கு ஒரே யோசனை" என்று நம் ஊர் ஆச்சிமார் சொல்வதும் இதுவேயன்றோ? ஆறுமுறை வாங்கில் இருந்து பேசியபின், விரும்பினோர் வட்டமாகக் கூடி, பழைய பிளாஸ்ரிக்கைக் கொண்டு பைகள் பின்னியபடியே ஒருவரோடொருவர் கதைக்கின்றார்கள். 573 பேரை வைத்து நடத்திய ஆராய்ச்சி 2016இல் அமெரிக்க வைத்திய சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வழமையான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட இவர்களுடைய துன்பம் மிகக் குறைந்திருந்தது.

இனி நம் கதை. சென்ற ஆண்டு விடுமுறையில் நாம் நால்வர் வாசிகசாலைப் பின்னறையில் இப்படியொரு வட்டத்தைத் தொடங்கினோம். பாட்டிமாரின் பாடத்தைப் படித்திருந்தும், பலகையில் "மனநல உதவிக் குழு" என்று கொட்டை எழுத்தில் எழுதினோம்! மூன்று ஞாயிறு நாமே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் தேநீர் குடித்தோம். அங்கொடை என்ற ஊர்ப்பெயரே வசைச்சொல்லாகிவிட்ட நாட்டிலே யார் வருவார்? பலகையைக் கழற்றியபின் ஒருவர் வந்தார். அவர் இன்னொருவரை அழைத்துவந்தார். எட்டுப்பேராயினோம்.

பின்பு செய்த பிழையே பெரிது. சங்கங்களிற் பழகியவர்களல்லவா நாம்! வரவு இடாப்பு வைத்துப் பெயர், விலாசம், திகதி எல்லாம் எழுதினோம். இடாப்பு மேசையிலே கிடந்தது, யாரோ பார்த்துவிட்டார்கள். மகனை இழந்த துயரத்தோடு ஒரு தாயார் வந்துகொண்டிருந்தார். அவருடைய மகளுக்குப் பேசிய கலியாணம், "தாய்க்கு மூளைப்பிழையாம்" என்ற கதையினாற் குழம்பிற்று. இடாப்பை எரித்தோம். வீட்டுக்குச் சென்று, படலைக்கு வெளியே நின்றே மன்னிப்புக் கேட்டோம். அவர் படலையைத் திறக்கவில்லை, பின்பு வரவுமில்லை.

அன்று முதல் எழுத்தென்று ஒன்றுமில்லை. கதிரைகளை வட்டமாக இடுகின்றோம், மேசையுமில்லை, தலைவருமில்லை. ஒன்றரை மணி நேரம். ஒருவர் பேசும்போது மற்றவர் புத்திமதி சொல்லலாகாது. நம்மவர்க்கு மிகக் கடினமான விதி இதுதான். "கோயிலுக்குப் போ, எல்லாம் சரிவரும்" என்று வாய்வரை வந்ததை விழுங்கப் பழகுவதற்கு நமக்கே இரண்டு மாதம் சென்றது. வைத்தியர் தந்த குளிசையை நிறுத்தென்றோ கூட்டென்றோ எவரும் சொல்வதில்லை. ஓர் ஆச்சி குருத்தோலை கொண்டுவந்து பெட்டி இழைக்கத் தொடங்கினார். இப்போது மற்றவர்களும் இழைக்கின்றார்கள். ஹராரேக் கதையை அவருக்கு நாம் சொன்னதேயில்லை.

கேட்டதை வெளியே சொல்லலாகாது என்ற விதிக்கு ஒரு விலக்கு உண்டு. அதை முதல் நாளே சொல்லிவிடுகின்றோம். வாழ்ந்தென்ன என்று ஒருவர் பேசினால், உயிரை மாய்க்க எண்ணமுண்டா என்று நேரே கேட்கின்றோம். கேட்பதனால் எண்ணம் உண்டாகுமென்பது வீண்பயம். அவரைத் தனியே விடாது, வீட்டிலுள்ள பூச்சிமருந்தை அகற்றுவித்து, வைத்தியசாலைக்குக் கூட்டிச்செல்கின்றோம். பொலிசுக்குப் பயந்து மறைப்போர் இன்னும் உளர். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டம் இலங்கையில் 1998இலேயே நீங்கிற்று. ஒருமுறை இரவு பத்து மணிக்கு அப்படி ஒருவரோடு ஆட்டோவிற் போனோம். அடுத்த மாதம் அவரே வந்து கதிரைகளை இட்டார்.

பெரியோரிடம் நாம் வேண்டுவது பணமன்று. ஞாயிறு பின்னேரங்களில் பின்னறைத் திறப்பை நம்மிடம் தாருங்கள். முன் விறாந்தையிற் பத்திரிகை பார்க்கும் ஐயாமார், பின்பக்கம் போவது யார் என்று நிமிர்ந்து பாராதிருந்தாற் போதும். அது அவர்களால் இயலாதென்று அஞ்சி, பின்வேலியில் ஒரு படலை வைக்க நினைத்திருக்கின்றோம். அதற்கு நாலு கதியால் வேண்டும்.