மணலில் ஒரு கால்மணி

பால் வாங்குவதும், குழந்தைகளைப் பள்ளிக்கு ஆயத்தப்படுத்துவதும், பெரியோர்களின் மருந்துச் சீட்டோடு கடைக்குப் போவதுமாகக் காலைப் பொழுதைக் கழிக்கிற குடும்பஸ்தருக்கு, ஓட்டப் பயிற்சிக்கென்று தனியே அவகாசம் ஏது என்ற கேள்வி நியாயமானதே.

ஓடுவதற்கென்று மலைப்பாதையை நாடிப் பிரயாணம் செய்ய வேண்டியதில்லை. சென்னைப் பட்டினப்பாக்கத்துக் கடற்கரையிலே, சீனிவாசபுரத்தைக் கடந்து, அடையாறு சமுத்திரத்தோடு சங்கமிக்கும் முகத்துவாரத்தை நோக்கி, 1967-ல் கட்டப்பட்டு 1977-ல் உடைந்துபோன பாலத்தைக் கண்டபடியே ஓடலாம். மணலில் ஓடுவதற்குக் கெட்டித் தரையைக் காட்டிலும் ஏறத்தாழ 1.6 மடங்கு சக்தி செலவாகிறதென்று 1998-ல் பெல்ஜிய விஞ்ஞானிகள் அளந்து கூறினார்கள். பாதம் பதியுந்தோறும் மணல் நகர்ந்து, நாம் செலவிடும் சக்தியில் ஒரு பகுதியை விழுங்கிவிடுவது ஒரு காரணம். ஆகவே கால்மணி நேரம் ஓடினாலும் பலன் அற்பமன்று. புதியவர்களுக்கு அலை நனைத்த ஈர மணலே உகந்தது.

தொடர்ந்து பத்து நிமிஷமாவது செய்தால்தான் பயிற்சி என்ற பழைய நிபந்தனையை உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் நீக்கிவிட்டது. தீவிரப் பயிற்சியாயின் வாரத்துக்குக் குறைந்தது 75 நிமிஷம் என்பதே அதன் அளவு. அருகிலுள்ள லூப் சாலைக்கு மீன் வாங்கப் புறப்படுகிறவர் சற்று முந்திப் புறப்பட்டு ஓடினால் அதிலே ஒரு பங்கு நிறைவேறிவிடும்.

ஆனால் இந்த அவகாசம் பெரும்பாலும் ஆண்களுக்கே வாய்க்கிறது என்பது என் மனத்தை வருத்துகிறது. வாரத்தில் இரண்டு நாளேனும் காலைச் சமையலை நீங்கள் ஏற்றுக்கொண்டு, வீட்டுப் பெண்களைக் கடற்கரைக்கு அனுப்பிவையுங்கள் என்று ஆடவரைக் கேட்டுக்கொள்கிறேன்.