வீமனும் சோட்டா பீமும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



‘எமது இலட்சிய புருஷர்’ என்னும் பொருளிற் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். காந்தியடிகளையோ விபுலாநந்த அடிகளையோ பற்றிக் கூறுவோம் எனப் பெரியோர் எதிர்பார்த்திருப்பர். அப்பெரியாரை நாம் அறிந்தது பின்னாளில். ஏழு வயதில் எமது உள்ளத்தைக் கொள்ளைகொண்டவன் தொலைக்காட்சியில் வந்த ஒரு கார்ட்டூன் சிறுவன். சோட்டா பீம் என்பது அவன் பெயர். சிரிக்க வேண்டாம், சற்றே செவிசாய்க்க வேண்டுகின்றோம்.

ராஜீவ் சிலகா என்பார் ஐதராபாத்தில் உருவாக்கிய இக்கார்ட்டூன் 2008 ஆம் ஆண்டு போகோ தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. தோலக்பூர் என்னும் கற்பனை ஊரிலே வாழும் அச்சிறுவனுக்கு லட்டுத் தின்றால் பலம் பெருகும். ஊருக்கு இடர் வந்தால் அவன் முன்னிற்பான். ‘சோட்டா’ என்றாற் சிறிய என்பது பொருள். பெயரோ பாரதத்து வீமனுடையது.

மிஷன் பாடசாலையிற் படித்த எமக்குத் தாவீது கோலியாத்தை வீழ்த்திய கதை வகுப்பறையிலே கிடைத்தது. வீமனோ கார்ட்டூன் வழியாகவே வந்தான். பின்னரே பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலிற் பாண்டவர் வனவாசம் போவதைக் கண்டோம். வடமோடிக் கூத்துக் களரியிற் பாரதக் கதை கேட்டோம். சின்ன வீமன் எம்மைக் கைபிடித்துப் பெரிய வீமனிடம் சேர்ப்பித்தான்.

சின்ன வீமனிடம் ஒரு குறை உண்டு. அங்கே பெரும்பாலான வழக்குகளைக் கைமுட்டியே தீர்த்து வைக்கின்றது. பெரிய வீமன் கதையோ வேறொன்றையும் கூறுகின்றது. அரக்கு மாளிகை எரிந்த இரவிலே தாயையும் உடன்பிறந்தோரையும் காட்டுவழியே சுமந்தவன் அவன். ஏகசக்கர நகரத்திலே, தங்குவதற்கு இடங்கொடுத்த குடும்பத்தில் ஒருவர் பகாசுரனுக்கு இரையாக வேண்டிய நாள் வந்தபோது, அவருக்குப் பதிலாகத் தானே சென்றவனும் அவனே. அடித்தது பிறகு, சுமந்ததும் பிறர்க்காகச் சென்றதுமே முதன்மை.

2011 சனவரியில் மட்டக்களப்பை வெள்ளம் சூழ்ந்தபோது நாம் சிறுவர். எமது ஒழுங்கையிலே நடக்க இயலாத ஆச்சி ஒருவரை இளைஞர் ஒருவர் முதுகிற் சுமந்து, இடுப்பளவு நீரிற் போனார். அவரை எவரும் வீரர் என்று அழைக்கவில்லை. அன்று எமக்கு வீமன் யாரென விளங்கிற்று.

லட்டுக்கும் ஒரு பொருள் உண்டு. அதனைச் செய்பவர் இனிப்புக்கடை டுன்டுன் மாமி. அவனுடைய பலம் பிறர் கையிலிருந்து வந்தது. எமது உடலும் படிப்பும் அத்தகையனவே. தாய் வடித்த சோறும், தந்தையார் வயலிலும் வாவியிலும் பட்ட பாடுமே எம்மைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுவந்தன. பெற்ற பலம் கடன். அதனை ஊருக்குத் திருப்பிக் கொடுத்தல் எமது கடமை.

பெரியோர்களே, சிறுவரின் கார்ட்டூனை முற்றாக வெறுக்க வேண்டாம். அது தொடங்கிய கதையை நீங்கள் முடித்து வையுங்கள். எமது அறநெறிப் பாடசாலைக்கு அண்ணாவிமாரை அழைத்து, வீமன் கதையை முழுமையாகச் சொல்லுவித்தல் நன்று. இளைஞர்களே, தோள் இருக்கின்றது. சுமப்பதற்கு ஊரிலே பாரமும் இருக்கின்றது. புறப்படுவோம்.